இரண்டு இருபதுக்கு வந்த படம்

ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும். காலையில் இந்த வரியை அடித்தது நான்தான். பதினெட்டு வருஷமாக அடிக்கிறேன், விரலுக்கே மனப்பாடம், நான் வேறு எதையாவது யோசித்துக்கொண்டிருந்தாலும் விரல் பாட்டுக்குப் பெய்யக்கூடும் என்று அடித்து முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டு வந்துவிடும். ஓரிரு இடங்கள் என்றால் எந்த இடங்கள் என்று இதுவரை ஒரு ஆள் போன் போட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? தப்பித்துக்கொள்ளக் கண்டுபிடித்த சொல் ஐயா அது, பெய்தாலும் நாங்கள் சொன்னது சரி, பெய்யாவிட்டாலும் சரி என்றா? மதியம் இரண்டு ஐந்து. நாலு திரை, ஒரு தொலைபேசி, ஒழுகுகிற ஏசிக்குக் கீழே ஒரு பெயிண்ட் வாளி, அதில் சொட்டு விழும் சத்தம். பகல் ஷிஃப்டில் முன்னறிவிப்பு என் பொறுப்பு. மங்கையர்க்கரசி என்ற பெயரைப் பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்கள், க் ஒன்று குறைகிறது, யாரும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. செல்போன் அதிர்கிறது. என் கணவர். "மாடியில மிளகாய் காயப் போட்டிருக்கேன். மழை வருமா?" கல்யாணமான நாளிலிருந்து இந்த ஆள் என் வேலையைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி இதுதான். தலைவலி போயிற்றா என்று கேட்டதில்லை, பதவி உயர்வு பட்டியலில் ஏன் உன் பெயர் இல்லை என்று கேட்டதில்லை. மிளகாய். எதிரே ராடாரைப் பார்த்துக்கொள்கிற செபாஸ்டின், தயிர்சாத டப்பாவை மூடிக்கொண்டே, "மேடம், மலைக்கு மேல ஒண்ணு கிளம்புது பாருங்க" என்கிறார்.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒன்று நாற்பதிலிருந்தே. அப்போது கடுகளவு பச்சை. ஒன்று ஐம்பதில் பச்சைக்குள் ஒரு மஞ்சள். இரண்டு மணிப் படத்தில் மஞ்சளுக்குள் சிவப்பு. ராடார் கிண்ணம் படிப்படியாகத் தலையைத் தூக்கிக்கொண்டே சுற்றி ஒரு முழுப் படம் எடுத்து அனுப்பப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் மேகம் என்ன செய்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. கதவை மூடிக்கொண்டு உள்ளே யாரோ யாரையோ அடிக்கிற மாதிரி, சத்தம் கேட்கும், கதவு திறக்கும்போது முகம் வீங்கியிருக்கும். இரண்டு பத்து. கதவு திறக்கிறது. எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது, உச்சி பதினான்கு கிலோமீட்டருக்கு மேல். வெயில் வேறு இப்படி அடித்தால் என்ன ஆகும், நாற்பத்தொன்று, நாலு நாளாகக் காற்றே இல்லை, கீழே கொதிக்கிற ஈரம், மேலே குளிர்ந்த காற்று, மூடி போட்ட குக்கர்தான். ஆலங்கட்டி. அந்தச் சொல் நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது, சொல்லிவிடக் கூடாது என்று நாக்கைக் கடிக்கிறேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு மலையடிவார ஆய்வகத்தில் ஆலங்கட்டி ஒன்றைக் கையில் பிடித்தேன், கோழிமுட்டை அளவு, உள்ளங்கை எரிந்தது. சமையலறைக் கத்தியால் நடுவில் வெட்டினால் வெங்காயம் போல அடுக்கு, ஒரு அடுக்கு வெள்ளை, ஒரு அடுக்கு கண்ணாடி, மறுபடி வெள்ளை. கீழே விழப் பார்த்த துளியைக் காற்று மேலே தூக்கி அடித்து உறைய வைத்து, மறுபடி விழப் பார்த்தால் மறுபடி தூக்கி அடித்து. எனக்கு அன்றைக்கு அது அழகாக இருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் தெருநாய் ஒன்று மண்டை உடைந்து கிடந்தது, அதன் வாலில் இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பெண், அழகு என்று நினைத்த அந்த நிமிஷத்துக்காக என் மேலேயே எனக்கு எவ்வளவு கோபம் வந்தது. இப்போது வருகிற கோபம் வேறு. இதற்கு முகம் இருக்கிறது. மாடியில், கருத்தரங்குக் கூடத்தில், முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு இருபது. செபாஸ்டின் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார். சிவப்புக்குள் ஊதா. ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் எதிரொலியின் வலு அறுபது. நீர் உறைகிற உயரம் இன்றைக்கு ஐந்து. உறைகிற உயரத்துக்கு நாலு கிலோமீட்டர் மேலே அறுபது காட்டினால் அது தண்ணீர் இல்லை, கல். முதலாண்டுப் பயிற்சியில் சொல்லித்தருகிற பாடம். மேகம் கிழக்கே நகர்கிறது, மணிக்கு நாற்பது கிலோமீட்டர், பத்து நிமிஷத்துக்கு ஏழு. பாதையில் முதலில் ஏரிக்கொல்லை, அப்புறம் காடு, அப்புறம் இருபது கிலோமீட்டரில் மாவத்தூர். மாவத்தூரில் இன்றைக்குப் பெண்கள் கபடி. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை முனிரத்தினம் காலையிலேயே கூப்பிட்டுச் சொன்னார், "சவுக்குக் கம்புல கேலரி கட்டியிருக்காங்க மேடம், ரெண்டாயிரம் பேர் உக்காருவாங்க, சாயந்திரம் வரைக்கும் ஒண்ணும் இல்லைல்ல?" நான் என்ன சொன்னேன்? ஓரிரு இடங்களில் என்று சொன்னேன். எச்சரிக்கையை அடித்துவிட்டேன். ஆலங்கட்டி மழை, மணிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் சூறைக்காற்று, மக்கள் உறுதியான கட்டடத்துக்குள் போகவும். அனுப்பு என்கிற பொத்தான் என் விரலுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் போன வாரத்திலிருந்து புது விதி, ஆலங்கட்டி என்ற சொல் வந்தால் சார் பார்த்த பிறகுதான் போக வேண்டும். சார் என்றால் தெய்வசிகாமணி, எங்கள் மையத்தின் தலைவர். கூப்பிடுகிறேன். ஆறு தடவை மணி அடித்த பிறகு எடுக்கிறார், குசுகுசுவென்று, பின்னால் மைக்கில் யாரோ பேசுகிற சத்தம். "சொல்லும்மா, சீக்கிரம்." சொல்கிறேன். "அறுபதா? ஒரு படத்துலதானே?" "மூணு படமா ஏறிக்கிட்டே வருது சார்." "போன வாரமும் இப்படித்தாம்மா சொன்னே." "சார், இது அது இல்ல." "இன்னொரு படம் பாரு. பத்து நிமிஷம்தானே. அதுலயும் நின்னா அனுப்பிடலாம். இங்க பெரிய ஆளுங்க உக்காந்திருக்காங்க, எழுந்து வர முடியல." வைத்துவிட்டார். கருத்தரங்கின் தலைப்பு என்ன தெரியுமா, வாசலில் தட்டி வைத்திருக்கிறார்கள், உரிய நேரத்தில் எச்சரிக்கை, உயிர்களுக்குப் பாதுகாப்பு. குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. முந்திரி பக்கோடா கொடுத்தாயிற்று.

பத்து நிமிஷம்தானே. பத்து நிமிஷம் என்றால் ஏழு கிலோமீட்டர். அவர் கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் எரிச்சல். என் அம்மா செத்தபோது ராத்திரி பஸ் பிடித்து ஊருக்கு வந்தவர், பதினாறாம் நாள் வரை என் ஷிஃப்டை அவரே பார்த்தவர், கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். போன வாரம் அவரை மேலே இருந்து ஒருத்தர் போனில் வறுத்தெடுத்தார், நான் பக்கத்தில் நின்றேன், "சரிங்க, சரிங்க, இனிமே நடக்காதுங்க" என்று இந்த ஐம்பத்தெட்டு வயது மனுஷர் வியர்த்துப்போய்ச் சொன்னார். என்னால்தான். ஒரு பெரிய அரசு விழா, நான் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தேன், விழாவைத் தள்ளி வைத்தார்கள், மேகம் தெற்கே திரும்பி ஆள் இல்லாத காட்டில் கொட்டிவிட்டுப் போயிற்று. விழா மைதானத்தில் நிலா காய்ந்தது. மறுநாள் என் புகைப்படத்துக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி, குடை கொடுத்து, கொளுத்துகிற வெயிலில் நிற்க வைத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். என் மகளுக்கே அவள் வகுப்புத் தோழி அனுப்பியிருந்தாள். காட்டில் எத்தனை மரம் சாய்ந்தது என்று எவனாவது போய்ப் பார்த்தானா? இரண்டு இருபத்து மூன்று. சரி, அவர் சொல்வதும் நியாயம்தானோ? ஒரு படம் பொய் சொல்லும். ராடாருக்கும் கண் மங்கும். அனுப்பி, மறுபடி தெற்கே திரும்பிவிட்டால்? ரெண்டாயிரம் பேரை எழுப்பி விரட்டிவிட்டு வானம் நீலமாக நின்றால், அடுத்த தடவை நான் கத்தினாலும் எவன் எழுந்திருப்பான்? பார்த்தாயா, பேசுவது நானா அவரா? பயம் வந்தால் எனக்குள்ளிருந்து அவர் குரல்தான் வருகிறது. மூன்று வருஷம் முன்னால் சேதம் பார்க்கப் போனோம், வாழைத்தோட்டம், குலை தள்ளிய மரமெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. தோட்டக்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டார், "இது வர்றது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" பெருமையாகச் சொன்னேன், ஒரு மணி நேரம் முன்னாலேயே தெரியும் என்று. "அப்ப என் போன் நம்பர் யாருகிட்டயும் இல்லையா?" என்றார். இரண்டு இருபத்தாறு. வாளியில் சொட்டு. செபாஸ்டின் என்னையே பார்க்கிறார். "நீங்க என்ன சொல்றீங்க அண்ணே?" "நான் மெஷினைப் பாக்கிறவன் மேடம்." "மெஷின் என்ன சொல்லுது?" அவர் திரையைப் பார்க்கிறார், பிறகு கதவை. "மெஷின் போன படத்துலயே சொல்லிருச்சு." அப்படியானால் எழுந்து அனுப்ப வேண்டியதுதானே, மங்கையர்க்கரசி. விரல் அங்கேதான் இருக்கிறது. உட்கார்ந்தே இருக்கிறேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மெமோ வந்தால் பதவி உயர்வு போயிற்று. வெளியூருக்குத் தூக்கியடித்தால் அவள் படிப்பு. எவ்வளவு சீக்கிரம் இதெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. இரண்டு இருபத்தெட்டு. இன்னும் இரண்டு நிமிஷம்தானே. தானே. அந்தத் தானே-யை அவர் வாயிலிருந்து பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டுவிட்டேன்.

இரண்டு முப்பது. ஒன்பது கிலோமீட்டரில் இருந்த ஊதா ஆறுக்கு வந்துவிட்டது. இறங்குகிறது. மேலே தூக்கிப் பிடித்திருந்த காற்று கையை விட்டுவிட்டது, அத்தனை கல்லும் அத்தனை தண்ணீரும் மொத்தமாக விழப் போகிறது, அது விழும்போது குளிர்ந்த காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து தரையில் மோதி நாலு பக்கமும் சிதறும். சாரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் இன்னொரு படம் என்பார். அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டு முனிரத்தினத்தின் நம்பரைப் போடுகிறேன். இரண்டு முப்பத்தொன்று. "முனிரத்தினம் சார், மாவத்தூர் கேலரியில இருந்து ஆளுங்களை இறக்குங்க." "ஏன் மேடம், இங்க வெயிலு நல்லா அடிச்சிட்டிருக்குதே." "இருபது நிமிஷத்துல அடிக்காது. ஆலங்கட்டி, எழுபது எண்பது வேகத்துல காத்து. கம்பு கட்டின எதுவும் நிக்காது." "மேடம், எழுத்துல வந்திருச்சா? இன்ஸ்பெக்டர் பேப்பர் கேப்பாரு. செமிஃபைனல் நடக்குது, எம்.எல்.ஏ. தம்பி உக்காந்திருக்காரு." "இப்ப அனுப்பினேன். பாருங்க." "வந்திருக்குது. ஆனா இதுல உங்க சார் கையெழுத்து..." அப்போதுதான் கத்தினேன். என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. "என் பேர் இருக்கா இல்லையா அதுல? கீழ என் பேர் இருக்கு, படிங்க! மழை வரலன்னா நாளைக்கு என் பேரைச் சொல்லுங்க, மங்கையர்க்கரசின்னு ஒரு பைத்தியம் கத்துச்சுன்னு சொல்லுங்க. இப்ப மைக்கைப் பிடிங்கன்னு சொல்லுங்க!" "சரி மேடம்" என்றார், வைத்துவிட்டார். செபாஸ்டின் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். குடிக்கிறேன், பாதி சேலையில்.

இதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை, அதுதான் கொடுமை. இரண்டு நாற்பது, படம், மாவத்தூருக்கு ஆறு கிலோமீட்டர். திரும்பிவிடு என்று ஒரு மனசு, திரும்பாதே என்று ஒரு மனசு. ஆமாம், திரும்பாதே என்று நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன். நான் சொன்னது நடக்க வேண்டும், கல் விழ வேண்டும், கேலரி சாய வேண்டும், கூலிங் கிளாஸ் மாட்டினவன் எல்லாம் பார்க்க வேண்டும். சீ. அங்கே எந்த ஊரிலிருந்தோ பஸ் ஏறி வந்து, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, கபடி பாடுகிற பெண்கள். என் மகள் வயது. யாராவது அவர்களை உள்ளே கூட்டிப்போனார்களா? மைக்கில் சொன்னவனை ஊளையிட்டு உட்கார வைத்துவிட்டார்களா? இரண்டு ஐம்பது. ஊதா மாவத்தூர் மேலேயே நிற்கிறது. இரண்டு ஐம்பத்து நாலுக்கு முனிரத்தினம். போனில் முதலில் அவர் குரலே கேட்கவில்லை, தகரத்தின் மேல் லாரி லாரியாக ஜல்லி கொட்டுகிற சத்தம். மைதானத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கிராம நிர்வாக அதிகாரி பேசுகிறாராம், அந்த போனை இந்த போனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். "கேலரி போச்சு மேடம்! முழுசும் படுத்திருச்சாம்! ஆளில்ல, ஒரு ஆள் இல்ல அதுல, எல்லாரும் ஸ்கூலுக்குள்ள இருக்காங்க! நாலஞ்சு பேருக்குத் தலையில கல்லு பட்டிருக்குது, அவ்வளவுதான்!" அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. செபாஸ்டின் சிலுவை போட்டுக்கொண்டார். ரெண்டாயிரம் பேர். யாரோ முதுகில் தடவிக்கொடுத்தது போல ஒரு குளிர்ச்சி. இருபது நிமிஷம் அது இருந்தது. அவ்வளவுதான் கிடைத்தது.

மூன்று பதினைந்துக்கு மறுபடி அவர்தான். இந்தத் தடவை சத்தமில்லை. "மேடம், ஏரிக்கொல்லையில ஒரு செங்கல் சூளை. ஒரு பொம்பளை செத்துட்டாங்க." எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டேன், பெயரைக் கேட்கவில்லை, மணியைக் கேட்டேன். "ரெண்டு முப்பத்து மூணு, நாலு இருக்கும்." நான் அவரிடம் கத்திக்கொண்டிருந்த நேரம். என் பேர் இருக்கா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்த அதே நேரம். கன்னியம்மாள், முப்பத்தெட்டு வயது, கல் விழ ஆரம்பித்ததும் சூளையில் இருந்தவர்கள் எல்லாம் தகரக் கொட்டகைக்குள் ஓடியிருக்கிறார்கள், காற்று கொட்டகையைத் தூக்கியது, அடுக்கி வைத்திருந்த சுடாத செங்கல் சுவர் சாய்ந்தது. அவள் அடியில் இருந்தாள். இன்னொருவருக்குக் கால் முறிவு. "எதிர்த்தாப்புல ரேஷன் கடை இருந்துச்சா? கான்கிரீட் கட்டடம் ஏதாவது?" என்று கேட்கிறேன், ஏன் கேட்கிறேன், தெரிந்து என்ன செய்யப் போகிறேன். "ரோட்டுக்கு அந்தாண்டை பால் சொசைட்டி இருக்குது மேடம். நல்ல கட்டடம்தான்." ரோட்டுக்கு அந்தாண்டை. நடந்தால் ஒரு நிமிஷம், ஓடினால் அதுகூட இல்லை. இரண்டு இருபத்திரண்டுக்கு நான் சொல்லியிருந்தால் மேஸ்திரி போனில் ஒரு அழைப்பு, எல்லாரும் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, மண் ஒட்டிய கையோடு, ரோட்டைத் தாண்டி, சொசைட்டி வராந்தாவில் நின்று கல் விழுவதை வேடிக்கை பார்த்திருப்பார்கள். சார் இன்னொரு படம் கேட்டார். சரி. நான் ஏன் கொடுத்தேன்? அவர் மாடியில் இருந்தார், விரல் என்னுடையது. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பார்க்கிறேன், அவர் மேல் வைத்தால் வழிந்து என் மேல் ஒழுகுகிறது, என் மேல் வைத்தால் அவர் தப்பித்துக்கொள்கிறார். இரண்டு பேருக்கும் பத்தும். இன்னும் மீதி இருக்கும்.

மூன்று நாற்பதுக்கு அவர் வந்தார். தோளில் கருத்தரங்கில் போர்த்திய சால்வை, கையில் செல்போன், முகமெல்லாம் சிரிப்பு. "ரெண்டாயிரம் பேரும்மா! கலெக்டரே போன் பண்ணிட்டார். டிவிக்காரங்க வர்றாங்க. நீ என்னைக் கேக்காம அனுப்பினது கூட, விடு, நல்லதாப் போச்சு." "ஏரிக்கொல்லையில ஒருத்தங்க செத்துட்டாங்க சார்." சிரிப்பு மெதுவாக இறங்கியது, முதலில் கண்ணிலிருந்து, பிறகு வாயிலிருந்து. எத்தனை மணி என்றுதான் அவரும் கேட்டார். சொன்னேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார், நெற்றியைத் துடைத்தார், அந்தச் சால்வையிலேயே. தாழ்ந்த குரலில், அம்மா செத்தபோது பேசிய அதே குரலில், "எச்சரிக்கை ரெண்டு இருபத்தி ரெண்டுக்குப் போனதா பதிவேட்டுல போட்டுடலாம் மங்கை. மெயில் லேட்டா போய்ச் சேர்ந்துச்சுன்னு சொல்லிக்கலாம். உனக்கும் நல்லது. உனக்காகத்தான் சொல்றேன்" என்றார். உண்மையாகவே எனக்காகவும்தான் சொல்கிறார், அதுதான் தாங்க முடியவில்லை. பதிவேடு என் முன்னால் திறந்தே இருந்தது. எழுதினேன், அவர் பார்க்கவே எழுதினேன். 2.20, ஆலங்கட்டி உறுதி. 2.22, தலைவருக்குத் தொலைபேசி, இன்னொரு படம் வரை காத்திருக்கச் சொன்னார். 2.22 முதல் 2.30 வரை நானும் காத்திருந்தேன். 2.31, அனுப்பப்பட்டது. 2.33, ஏரிக்கொல்லை, கன்னியம்மாள் மரணம். கையெழுத்துப் போட்டேன். "இதை நீ எழுதினா நாம ரெண்டு பேரும் போயிடுவோம்மா" என்றார். "போவோம் சார்." அவர் பதிவேட்டின் மேல் கையை வைத்தார், அந்தப் பக்கத்தை மூடுகிற மாதிரி, அப்படியே திரைக்கும் எனக்கும் நடுவில் எழுந்து நின்றார், பேச ஆரம்பித்தார், ஓய்வுக்கு எட்டு மாசம், சர்க்கரை, மகனுடைய வேலை. அவர் தோளுக்கு மேலே மூன்று ஐம்பதுப் படம் வந்தது. பழைய மேகத்துக்குத் தெற்கே, அதன் குளிர்காற்று போய் மோதிய இடத்தில், புதிதாக ஒன்று. மஞ்சளுக்குள் சிவப்பு. அதன் பாதையில் என்ன ஊர் என்று தெரியவில்லை, அவர் சால்வை மறைத்தது. "அண்ணே, அது என்ன ஊரு?" "சந்தைப்பேட்டை மேடம். இன்னைக்குச் சந்தை." செபாஸ்டின் தானாகவே தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். சார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்க சார்" என்றேன். "படம் மறைக்குது."